எழுதாத செக்குக்கு ஒரு கணக்கு

பாக் நீரிணைக் கரையில் உள்ள ஜெகதாப்பட்டினத்தில் மீனுக்குக் காசு கொடுப்பது எளிது. மீன் அல்லாத மற்றதற்கெல்லாம் காசு கொடுப்பதுதான் கம்பெனிகளுக்குத் தலைவலி.

விசைப்படகு கரைக்கு வருகிறது. இறால், நண்டு, கணவாய் என்று வகை பிரித்து எடை போடுகிறார்கள். ஏற்றுமதிக்குச் சரக்கு எடுப்பவர்களை இந்தக் கடற்கரையில் 'கம்பெனி' என்றுதான் சொல்வார்கள். அந்தக் கம்பெனி, பிடித்த மீனவருக்கு அங்கேயே ரொக்கமாகக் கொடுக்கலாம். வருமான வரிச் சட்டம் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 40ஏ(3) பிரிவு), ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைத் தொழில் செலவாக ஏற்க மறுக்கிறது. ஆனால் அதன்கீழ் வந்த 6டிடி விதி, மீனை உற்பத்தி செய்பவருக்குக் கொடுக்கும் பணத்துக்கு விலக்குத் தருகிறது. கடலில் மீனை 'உற்பத்தி' செய்பவர் யார் என்று ஒரு கேள்வி எழுந்தது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2008 டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை போட்டு அதற்குப் பதில் சொன்னது: மீனவர் மட்டுமல்ல, அவர்கள் கொண்டுவந்த மீனைக் கரையிலேயே தரம் பிரித்து வியாபாரிக்கு விற்கும் மீனவர் தலைவரும் அதில் அடக்கம். தரகருக்கும் இடை வியாபாரிக்கும் அந்தச் சலுகை கிடையாது. (பணம் வாங்குகிறவர் பக்கத்தில் 2 லட்சம் ரூபாய் என்று வேறொரு வரம்பு 2017 முதல் உண்டு, அது தனிக் கதை.) டில்லியில் உட்கார்ந்து சுற்றறிக்கை எழுதியவர்கள் எந்தக் கடற்கரையைப் பார்த்தார்களோ, ஏலக்களத்தைப் புரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார்கள்.

சரி, ஐஸ்? டீசல்? வலை, கயிறு, எஞ்சின் உதிரிபாகம்? வேறொரு வியாபாரியிடம் வாங்கிய சரக்கு? அவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. 10,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். இந்த விதி 1968இல் முதலில் வந்தபோது வரம்பு 2,500 ரூபாய். அன்றைக்கு வங்கி வழி என்றால் செக், இல்லாவிட்டால் டிராஃப்ட். அந்த வகையில் பார்த்தால், சின்னச் சின்னக் கம்பெனிகளின் மேசை இழுப்பறைக்குள் செக் புத்தகம் குடியேறியதில் வங்கிக்காரரைப் போலவே வருமான வரிக்காரருக்கும் பங்கு இருக்கிறது.

இழுப்பறைக்கு வந்த புத்தகத்தோடு ஒரு புதுக் கவலையும் வந்தது. கல்லாவில் பணம் குறைந்தால் ராத்திரி கணக்கு முடிக்கும்போது தெரிந்துவிடும். ஐம்பது தாள் செக் புத்தகத்தில் நடுவிலிருந்து ஒரு தாள் போனால்? ரொக்கப் புத்தகம் சொல்லாது, பேரேடு சொல்லாது. இரண்டுக்கும் அந்தத் தாள் ஒரு வரவும் இல்லை, செலவும் இல்லை. பணம் எடுக்கப்பட்ட பிறகுதான் அது கணக்குக்குள் வரும். இந்த ஓட்டையை அடைக்க, ரூல் போட்ட நோட்டு ஒன்றில் தேதி, செக் எண், யாருக்கு, எவ்வளவு, வாங்கியவர் கையெழுத்து என்று கட்டம் போட்டு எழுதினார்கள். 'செக் இஷ்யூ ரெஜிஸ்டர்' என்று பெயர். இன்று கணக்கு மென்பொருளில் செக் புத்தகத்துக்கென்று தனியாக ஒரு திரை இருக்கிறதே, அது இந்த நோட்டின் பேரப்பிள்ளை. ஆனால் நோட்டிலிருந்து திரைக்கு வந்த வழி நேர்வழி அல்ல.

ஜெகதாப்பட்டினத்துக்கு மேற்கே செட்டிநாடு. பர்மா, மலாயா, இலங்கை என்று பணம் அனுப்பிய நகரத்தார், வங்கி செக் பரவுவதற்கு வெகுமுன்பே உண்டியலில், அதாவது இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று எழுதும் சீட்டில், தொழில் நடத்தியவர்கள். உண்டியல் எழுத வங்கி அச்சடித்த தாள் தேவையில்லை. தேவைப்படும்போது எழுதுவார்கள். எழுதுகிற வினாடி வரை அது வெறும் காகிதம். ஆகவே எழுதாத உண்டியலுக்குக் கணக்கு வைக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. எழுத்தையும் ஆளையும் தெரிந்து வைத்திருந்தால் போதும். செக் புத்தகம் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. வங்கி தன் பெயர் அச்சிட்ட தாள்களை முன்கூட்டியே கட்டாக வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுகிறது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார். உண்டியல் உலகம் செக் உலகத்துக்குள் நுழைந்ததற்கு அந்த நாளை ஓர் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் அதற்கு முன்பே தயாராக இருந்தது. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் செக் என்றால் என்ன என்று சொல்கிறது. செக் புத்தகத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆனால் 20ஆவது பிரிவில் ஒரு செய்தி இருக்கிறது: முற்றுப்பெறாத ஆவணத்தில் கையெழுத்துப் போட்டு ஒருவரிடம் கொடுத்தால், வாங்கியவர் அதை நிரப்பிக்கொள்ள அதிகாரம் கொடுத்ததாகவே அர்த்தம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நம் ஊர்க் கடன்காரர் கண்டுபிடித்த வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டமே அதை எதிர்பார்த்திருக்கிறது. இந்த விஷயத்துக்குப் பின்னால் மீண்டும் வருகிறேன்.

முதலில் எண். ஒவ்வொரு செக்குக்கும் எண் உண்டு என்பது இன்று கேள்வியே கேட்காத விஷயம். இயந்திரம் அந்த எண்ணைப் படிக்க ஆரம்பித்தது அமெரிக்காவில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செக்குகள் மலைபோலக் குவிய, பாங்க் ஆஃப் அமெரிக்கா 1950இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தைக் கூப்பிட்டு வழி கேட்டது. அதுவரை வாடிக்கையாளர் கணக்குகளைப் பெயரின் அகர வரிசையில்தான் அடுக்கி வைத்திருந்தார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் நடுவில் நுழைக்க வேண்டும். இயந்திரத்துக்கு அது ஒத்துவராது. பெயரை விட்டுவிட்டு ஆளுக்கொரு எண் கொடுங்கள் என்றார்கள் பொறியாளர்கள். இன்று நாம் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு எண், செக்கை எண்ண வந்த இயந்திரத்தின் வசதிக்காகப் பிறந்தது. 'எர்மா' என்ற அந்த இயந்திரத்தை 1955 செப்டம்பரில் உலகுக்குக் காட்டினார்கள். செக்கின் அடிவரியில் காந்த மையில் அச்சாகும் விநோத எழுத்துகளும் அந்த முயற்சியில் உருவானவையே. பத்து இலக்கங்கள், நான்கு குறிகள், அவ்வளவுதான். ஈ-13பி என்று அந்த அச்செழுத்துக்குப் பெயர். ஜெகதாப்பட்டினத்து ஐஸ் பில்லுக்குக் கொடுக்கும் செக்கின் கீழும் இன்று அதே எழுத்துதான்.

இந்தியாவுக்கு அது வந்ததில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்கு. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் வங்கிகளை இயந்திரமயமாக்க அறிக்கை கொடுத்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் காந்த மை செக்குகள் இயந்திரத்தில் ஓடத் தொடங்கின. அடிவரியில் முதலில் ஆறு இலக்கத்தில் செக் எண். அடுத்து ஒன்பது இலக்கம்: ஊருக்கு மூன்று, வங்கிக்கு மூன்று, கிளைக்கு மூன்று. வங்கிக்கு ஒவ்வொரு தாளும் அடையாளம் தெரிந்துவிட்டது. தாளைக் கையில் வைத்திருக்கும் கம்பெனியோ இன்னும் ரூல் போட்ட நோட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தது.

கம்பெனியின் பக்கத்துக் கதை பெங்களூரில் தொடங்குகிறது. ஷியாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்ற வியாபாரி. தன் வியாபாரக் கணக்குக்குச் சரியான மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் நீயே எழுது என்றார். 1986இல் பியூட்ரானிக்ஸ் பிறந்தது. அதுதான் பின்னாளில் டேலி. அன்றைய கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் குறியீட்டு எண் கொடுத்து, அதை நினைவில் வைத்துத் தட்ட வேண்டும். டேலி அதைத் தூக்கிப் போட்டது. பேரேட்டில் எழுதுவது போலப் பெயரையே எழுதலாம். கலிஃபோர்னியாவில் இயந்திரத்துக்காகப் பெயரை எண்ணாக்கினார்கள். பெங்களூரில் ஒரு வியாபாரிக்காக எண்ணை மீண்டும் பெயராக்கினார்கள். அறந்தாங்கி போன்ற ஊர்களிலும் 'டேலி கிளாஸ்' பலகை தொங்குவதற்கும், பி.காம். முடித்த பெண்பிள்ளைகள் சில மாதத்தில் கற்றுக்கொண்டு வேலைக்குப் போவதற்கும் இந்த ஒரு முடிவு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு பிரசவம். 1983இல் இன்ட்யூட் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்காட் குக், வீட்டு பில்களுக்குச் செக் எழுதி எழுதி மனைவி அலுத்துக்கொள்வதைக் கேட்டுத்தான் அந்த யோசனைக்கு வந்தார் என்பது அந்தக் கம்பெனியே சொல்லும் கதை. அவர்களுடைய குயிக்கன் மென்பொருளின் திரையே ஒரு செக்கின் படம். செக்கில் எழுதுவது போல எழுதினால், கணக்கு தானாகப் பதிவாகும். அதாவது அங்கே செக் புத்தகம்தான் கணக்குப் புத்தகத்தைப் பெற்றது.

இங்கே தலைகீழ். டேலி வியாபாரியின் பேரேட்டிலிருந்து பிறந்தது; அதற்கு முதன்மை வவுச்சர். பணம் கொடுத்ததற்கு வவுச்சர் போடும்போது செக் எண்ணையும் குறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் செக்குக்குக் கிடைத்த இடம். பிறகு வங்கி அறிக்கையோடு ஒத்துப்பார்க்கும் வசதி வந்தது: நாம் கொடுத்த செக் வங்கியில் எந்தத் தேதியில் கழிந்தது என்று எதிரே எழுதலாம். அப்போதும் எழுதிய செக்கைப் பற்றித்தான் மென்பொருளுக்குத் தெரியும். எழுதாத செக்கைப் பற்றி அது வாயே திறக்காது. 2009இல் வந்த டேலி.ஈஆர்பி 9 வரிசையில்தான் செக் புத்தகத்துக்கு முழுக் கவனிப்பு கிடைத்தது. வங்கிக் கணக்கின் கீழ், புத்தகத்தின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பதிந்துவிட வேண்டும். வவுச்சர் போடும்போது அடுத்த எண்ணை அதுவே எடுத்து நீட்டும். ஒரே எண்ணை இரண்டு முறை போட்டால் பிடித்துக்கொள்ளும்.

புத்தகம் புத்தகமாக எண் வரம்பு எதற்கு, கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வங்கி தரும் அடுத்த புத்தகம் விட்ட எண்ணிலிருந்தே தொடங்கும் என்று எந்த உறுதியும் இல்லை. ஒரே கணக்குக்கு அலுவலகத்தில் ஒரு புத்தகம், துறைமுகக் கொட்டகையில் ஒரு புத்தகம் என்று இரண்டு ஓடலாம். ஆறு இலக்கம் என்பதால் கம்பெனியின் வேறொரு வங்கிக் கணக்கிலும் அதே எண் வரலாம். இன்னொன்று, செக் எண் பார்வைக்குத்தான் எண், குணத்தில் பெயர். 000123 என்று வங்கி அச்சடித்ததை எக்ஸெல் தாளில் தட்டினால் முன்னால் இருக்கும் மூன்று பூஜ்யத்தையும் அது விழுங்கிவிட்டு 123 என்று காட்டும். பிறகு வங்கி அறிக்கையோடு பொருத்திப் பார்த்தால் ஒன்றுமே பொருந்தாது. எக்ஸெலில் செக் பதிவேடு வைத்த கணக்கர்களுக்கு இந்த எரிச்சல் நன்றாகத் தெரியும்.

டேலியின் செக் பதிவேட்டைத் திறந்தால் தாள்களை வகை வகையாகப் பிரித்துக் காட்டும். கையில் இருப்பவை, வெற்றுத் தாளாகக் குறித்தவை, ரத்தானவை, வங்கியில் இன்னும் கழியாதவை, கழிந்துவிட்டவை. முதல் இரண்டையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கையில் இருப்பதும் எழுதாத தாள்தான், வெற்றுத் தாளும் எழுதாத தாள்தான். பிறகு எதற்கு இரண்டு வகை? கணக்கியல் பாடப்புத்தகத்தில் இதற்கு விடை கிடைக்காது. கடைத்தெருவில் கிடைக்கும். தொகை எழுதாமலே செக் கையைவிட்டுப் போகிற நாடு இது. கடனுக்கு ஈடாக, சரக்குக்கு ஈடாக, வாடகைக்கு ஈடாக, கையெழுத்து மட்டும் போட்ட தாளை வாங்கி வைத்துக்கொள்வது தமிழ்நாட்டில் ஊரறிந்த பழக்கம். அந்தத் தாளைச் செலவில் எழுத முடியாது. இழுப்பறையில் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இந்தத் திரிசங்கு நிலைக்கு மென்பொருளில் ஒரு வகை வேண்டியிருந்தது. இந்தப் பதிவேட்டில் மிக இந்தியத்தனமான இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குயிக்கனின் செக் படத்தில் தொடங்கியிருந்தால் இதற்கு இடமே வந்திருக்காது.

அந்தத் தாளுக்குப் பல் முளைத்தது 1989 ஏப்ரல் 1 அன்று. அதற்கு முந்தைய ஆண்டு நிறைவேறிய திருத்தம் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆவது பிரிவைச் சேர்த்தது. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் குற்றம். தொடக்கத்தில் ஓராண்டு வரை சிறை. 2002 திருத்தம் அதை இரண்டாண்டாக்கியது. கம்பெனியின் செக் என்றால் 141ஆவது பிரிவின்படி கம்பெனி நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களும் கூண்டில் ஏற வேண்டும். அன்று முதல், எந்தத் தேதியிட்ட செக் யாரிடம் இருக்கிறது என்பது கணக்கரின் கவலை மட்டுமல்ல, முதலாளியின் தூக்கம். பின்தேதியிட்ட செக்குகளைத் தனியாகக் காட்டும் பட்டியல் மென்பொருளில் இருப்பதன் அவசியம், கடற்கரைத் தொழிலில் நன்றாகப் புரியும். பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துவிட்டால் வேலைநிறுத்தம். பிப்ரவரியில் தைரியமாக மே மாதத் தேதி போட்டுக் கொடுத்த செக், சரக்கே வராத நாளில் வங்கிக்கு வந்து நிற்கும்.

கையெழுத்து மட்டும் போட்ட தாளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் தெளிவாகச் சொன்னது. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கில் மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பினார் என்பதற்காக அது செல்லாமல் போகாது. கடனுக்காகவே கொடுத்தார் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது கொடுத்தவர் பொறுப்பு. 'நான் எழுதியது இல்லை, கையெழுத்து மட்டும்தான் என்னுடையது' என்ற வாதம் அத்தோடு வலுவிழந்தது.

ரத்தான தாளின் கதை இதைவிடச் சின்னது. முன்பெல்லாம் தொகையைத் தப்பாக எழுதினால் அடித்து, திருத்தி, பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டால் வங்கி ஏற்றுக்கொள்ளும். செக்கின் படத்தை மட்டும் அனுப்பிக் கழிக்கும் முறை வந்தபோது, படத்தில் திருத்தத்தைச் சரிபார்ப்பது கடினம் என்று ரிசர்வ் வங்கி 2010இல் திருத்தவே கூடாது என்றது. தேதியைப் புதுப்பிப்பதற்கு மட்டும் விலக்கு. ஆக ஓர் எழுத்துப் பிசகினாலும் அந்தத் தாள் ரத்து. சென்னையில் இந்தப் படமுறை 2011 செப்டம்பரில் தொடங்கியது. அடுத்த ஏப்ரலில் செக்கின் ஆயுளும் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகச் சுருங்கியது. கம்பெனிகளில் ரத்துக் கட்டத்தின் எண்ணிக்கை ஏறியது. மென்பொருளிலிருந்தே செக்கை அச்சடிக்கும் வழக்கம் பரவ இதுவும் ஒரு காரணம். தேதிக்கான எட்டுக் கட்டங்களில் எட்டு இலக்கமும் கச்சிதமாக விழ வேண்டும் என்று பிரிண்டரோடு மல்லுக்கட்டி, அதிலேயே நாலு தாளை ரத்தாக்கியவர்களும் உண்டு.

2021 ஜனவரி 1 முதல் கதை திசை திரும்பியது. 'பாசிட்டிவ் பே' என்ற ஏற்பாட்டில், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை எல்லாவற்றையும் கொடுத்தவரே வங்கிக்கு முன்கூட்டித் தெரிவிக்கலாம். 5 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் என்றால் வங்கி அதைக் கட்டாயமாக்கவும் செய்யலாம். ரூல் போட்ட நோட்டில் கம்பெனி தனக்காக எழுதி வைத்துக்கொண்ட அதே விவரங்களை இப்போது வங்கியும் கேட்கிறது. 2023 ஏப்ரல் முதல் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான கம்பெனிகள், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடத்தை அழிக்க முடியாத மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். செக்கை ரத்து செய்த வவுச்சரைச் சத்தமில்லாமல் நீக்கிவிட முடியாது. 2025 அக்டோபர் 4 முதல் செக் ஒரே நாளில், சில மணி நேரத்தில் கழிகிறது. வேறு ஊர் வங்கியின் செக்கைப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த கரையோரக் கிளைகளின் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 'செக் கொடுத்துவிட்டோம், பணம் வர இரண்டு நாள் ஆகும்' என்று அந்த இடைவெளியில் புரட்டிய வித்தையும் இப்போது முடிந்தது. வங்கியில் இன்னும் கழியாதவை என்ற கட்டம் நாளுக்கு நாள் மெலிகிறது.

வெற்றுத் தாள் கட்டத்தை எந்த வேகமும் தொடவில்லை. மார்ச் 31 அன்று கணக்காண்டு முடிந்து இரண்டு வாரத்தில் தடைக்காலம் வருகிறது. படகுகள் பழுதுபார்ப்புக்குக் கரையேறும் அந்த மாதங்களில்தான் கணக்கை முடிக்கும் வேலை. கண்டிப்பான ஆடிட்டராக இருந்தால் செக் புத்தகங்களை எடுத்து வரச் சொல்லி, மிச்சத் தாள்களை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுவார். ரத்தான தாளும் குறுக்கே கோடு போட்டுக் கோப்பில் இருக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தால் முதல் கேள்வி, தொலைந்ததா, கொடுத்ததா என்பதுதான். தொலைந்தது என்றால் உடனே வங்கிக்குப் பணம் நிறுத்தச் சொல்லிக் கடிதம், காவல் நிலையத்தில் ஒரு புகார். அதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஈடாகக் கொடுத்தது என்றால் நிறுத்தச் சொல்லும் கடிதம் மட்டும் காப்பாற்றாது. பணத்தை நிறுத்தச் சொன்னதால் செக் திரும்பினாலும் 138ஆவது பிரிவு பாயும் என்று உச்ச நீதிமன்றம் மோடி சிமென்ட்ஸ் வழக்கில் 1998லேயே சொல்லிவிட்டது. அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக் கோப்பில் ஒட்டும்வரை, பதிவேட்டில் அதன் எதிரே வாங்கியவர் பெயரும் கொடுத்த தேதியும் இருந்தாக வேண்டும்.